பொன்னுத்தாய் அத்தை கொலை வழக்கு

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, சினைப்பசு மூவரும் சுகம். நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று சிரித்தே கெடுத்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபீஸ் போக மீதி நேரத்தில் நீ பாட்காஸ்ட் என்று பேசிப் போடும் நிஜக் கொலைக் கதைகளை நம் தெருவே கேட்கிறது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்லவே வாய் வராத பிள்ளையா இது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரத்துக்கு என் போனைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறோம். அழகம்மாள் அக்காவுக்கு ஒரே குறை, பொணம் கெடக்கையில நடுவுல மெத்தை வெளம்பரம் எதுக்குடி என்கிறாள். பிரகதீஸ்வரி எந்தக் கதையானாலும் புருசன்தான் செஞ்சிருப்பான் என்று ஆரம்பத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள், பாதிக்கு மேல் சரியாகவும் இருந்து தொலைக்கிறது.

வினை அங்கேதான் வந்தது. தெருக்கோடிப் பிச்சை மாமா மோட்டார் கொட்டகையில் நின்று, ரெண்டு கொலைய வெட்டி வச்சிட்டேன், யாருக்கும் தெரியாம வெடியுமுன்ன வண்டியில ஏத்திரு என்று போனில் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அவர் பெண்டாட்டி பொன்னுத்தாய் அத்தையையும் மகள் ரஞ்சிதாவையும் கொஞ்ச நாளாகக் காணோம். ரெண்டு பேரு, ரெண்டு கொலை, சரியா வருதுல்ல என்றாள் பிரகதீஸ்வரி. குலையைக் கொலை என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள், அன்றைக்கு ஒருத்திக்கும் வாழைத்தார் ஞாபகம் வரவில்லை. நானும் உன்னைப் போலக் குரலைத் தாழ்த்தி, கடைசியாப் பாத்தது யாரு என்று விசாரித்தேன். மதினி எங்கண்ணே என்று மாமாவிடமே கேட்டால், அங்கிட்டு ஒரு சோலியா என்று விழிக்கிறார். சந்தேகம் உறுதியாகிவிட்டது. பிரகதீஸ்வரி மணமேல்குடியில் இருக்கும் அவள் அக்காவிடம் சொன்னாள், அந்த அக்கா மணமேல்குடி முழுக்கச் சொன்னாள். அங்கேதான் ரஞ்சிதாவுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். முன்பு வந்த சம்பந்தங்களை நம் தெரு வாய்தான் கெடுத்ததாம், அதனால் அத்தையின் அண்ணன் வீட்டில் சத்தமில்லாமல். வாசலில் கட்டத்தான் மாமா தோட்டத்து வாழை போனது. நாங்கள் கிளப்பியது வாய்க்கு வாய் திரிந்து, சம்பந்தி அருவாளோட அலையிறாராமே என்று மாப்பிள்ளை வீட்டில் நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள். மாமாவே வந்து இத்தனையும் சொல்லக் கேட்டதும், பிரகதீஸ்வரியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் நின்று, கொன்றது நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டு, மோட்டார் கொட்டகையில் கேட்டதிலிருந்து எல்லாம் சொன்னேன். அந்த அம்மா, வாழக்கொலையவா இம்புட்டுப் பெரிய கேசாக்குனீங்க என்று சிரித்த சிரிப்பில் தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். அத்தை எங்களை விடவில்லை, அண்ணன் வீட்டுக்கு இழுத்துப் போய், செத்தவ கையால ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கடி என்று இலை போட்டாள்.

ரஞ்சிதா மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. அழுது வீங்கிய அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது. உன் கதைகளில் பேர் வரும் வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும் கண்ணு, யார் பேரையும் சொல்லுமுன் அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

கல்யாணம் தையில், இப்போதே லீவு சொல்லி வை. நீ வந்தால் அவள் என்னை மன்னிக்கலாம். நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு நெடுநாள் இரு.

இப்படிக்கு,
பொன்னுத்தாயைக் கொன்றவர்களில் ஒருத்தியான
உன் அம்மா செல்வராணி,
அரிமளம்.