மணிக்கயிற்றில் நீலத்துணி

ஆகஸ்ட் 2
எங்கள் கிரேக்க ஊரின் கடற்கரைக்கு எதிரே, மாதா கோவில் இருக்கும் குட்டித் தீவுக்கு ஓர் அறிவிப்புப் பலகை வேண்டுமாம். ஊர்த்தலைவர் பாண்டெலிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். “வெளியூர்க்காரங்க படிச்சு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடணும் டீச்சர். ஆனா சின்னதா இருக்கணும்.”

எழுதினேன்: கடற்கொள்ளையர் வந்தனர், துருக்கியர் வந்தனர், இத்தாலியர் வந்தனர். எல்லோரும் மாதா கோவில் மணியைத் திருடினர். ஒவ்வொரு முறையும் ஊரார் முந்தையதைவிட மலிவான மணியாகப் பார்த்து வாங்கினர். இப்போதிருப்பதைத் திருட யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 5
வழக்கத்தையும் எழுத வேண்டுமாம். கப்பலுக்குப் போகிறவனின் மனைவி மணிக்கயிற்றில் ஒரு துணியை முடிந்துவைப்பாள். அவனேதான் திரும்பி வந்து அவிழ்க்க வேண்டும். வேறு கை படக்கூடாது. அவிழும்வரை அவன் கடலுக்குச் சொந்தம்.

என் கணவர் ஸ்த்ராதிஸுக்காக நான் கட்டிய நீலத்துணி அங்கே ஏழாவது கோடையைப் பார்க்கிறது. அவர் கடிதங்கள் நாலாவது கோடையோடு நின்றன. இதைப் பலகையில் சேர்க்கவில்லை. இடமில்லை.

ஆகஸ்ட் 15
மாதா திருநாள். இடுப்பளவு நீரில் தீவுக்கு நடந்து போனோம். கயிற்றில் என் துணி இல்லை.

இல்லை!

“ஆள் வந்தாச்சா! எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க டீச்சர்?” என்று பாண்டெலிஸ் கத்தினார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். காற்றாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? காற்று அவிழ்க்கிற முடிச்சா அது?

மீன் வாங்கினேன். இரண்டு தட்டு வைத்தேன். படித்தவள்தான் நான்.

ஆகஸ்ட் 16
யாரும் வரவில்லை. மீன் பூனைக்கு.

ஆகஸ்ட் 17
அவர் தங்கை மரிகோ வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“அண்ணி... அண்ணன் வந்துட்டுப் போயிட்டாரு. திருநாளுக்கு முந்தின நாள்.”

“போயிட்டாரா? எங்கடி?”

“பிரேயஸ் துறைமுகத்துக்கு. அங்க... குழந்தை இருக்கு அண்ணி. இனிமே கப்பல் வேண்டாம்னுட்டாரு. முடிச்சு இருக்கிறவரைக்கும் கடல் தன்னை விடாதுன்னு ஒரே பயமாம். அதான் வந்து அவுத்தாரு.”

“என் வாசலைத் தாண்டித்தானே தீவுக்குப் போகணும்?”

“பாறைப் பக்கமா நீந்திப் போனாரு.”

துணியை என் கையில் வைத்தாள். உப்புப் போக அலசியிருந்தாள்.

கடலுக்குச் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்துவிட்டார். பக்திமான்.

அடப்பாவி — கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?

ஆகஸ்ட் 20
பாண்டெலிஸ் பலகைக்கு எழுதியதை வாங்கிப் படித்தார். “முடிவு சப்புன்னு இருக்கே டீச்சர். போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாங்கன்னு போட்டுடலாமா?”

போடுங்கள் என்றேன். பொய்யில்லையே.

ஆகஸ்ட் 24
பலத்த காற்று. தக்காளிச் செடி சாய்ந்துவிட்டது. நீலத்துணியால் குச்சியோடு சேர்த்துக் கட்டினேன். அதே முடிச்சுதான். கைக்கு வேறு தெரியவில்லை.