கடைசிப் படகுக்குப் பின்னால்

மச்சான்,

இன்று மத்தியானம் சோற்றைக் குழைத்து வாயில் வைத்தபோது கையில் மண்ணெண்ணெய் மணத்தது. படகுப் போட்டி முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. தேசிக்காய்த் தோலால் தேய்த்தேன், சவர்க்காரம் போட்டேன், போகவில்லை. எங்கள் பழைய இயந்திரத்தின் குணம் உனக்குத் தெரியாததா? இழுக்க இழுக்க எண்ணெயைக் கக்கும், கிளம்ப மட்டும் மாட்டாது. முன்பெல்லாம் இந்த மணம் வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இன்று வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நேரே சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன். நீ பொறுமையில்லாதவன் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வருடமும் கடலுக்குள் போன எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். இனி ஆறுதலாகக் கேள்.

போர்க்காலக் கடல் தடையெல்லாம் நீங்கி, சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் கரையில் மறுபடி படகுப் போட்டி தொடங்கிய காலத்தில் எல்லோருக்கும் துடுப்புப் பிடிக்கத்தான் ஆசை. போட்டிப் படகுகளுக்குப் பின்னால் ஒரு காவல் படகு போக வேண்டும், கவிழ்ந்தால் தூக்க ஆள் வேண்டும் என்று விளையாட்டுக் கழகத் தலைவர் கேட்டபோது கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். நீதான் கையை உயர்த்தினாய். மற்றக் கையால் என் கையையும் பிடித்து உயர்த்திவிட்டாய். அன்று தொடங்கிய வேலை இது. நீ அணியத்தில், படகின் முன்தலையில். நான் பின்னால் இயந்திரத்தில். என் தங்கச்சியைக் கட்டிய உரிமையில் நீ எனக்குச் செய்த அநியாயங்களில் இது முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை.

காவல் படகுக்கு ஒரு வேலைதான். எல்லோருக்கும் பிந்தி வருகிற படகுக்குப் பின்னால் போவது. முன்னால் எவன் வெல்கிறான் என்று எங்களுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லும்போது கேள்விப்பட்டால் உண்டு, அதுவும் காற்று எங்கள் பக்கம் அடித்தால். கழக அறையில் கேடயங்கள் வரிசையாக நிற்கின்றன. உன் பெயர் ஒன்றிலும் இல்லை. கடைசிப் படகு கரையை நெருங்கும்போது நீ கையைக் காட்டுவாய், நான் இயந்திரத்தை நிறுத்துவேன். அவர்கள் மணலில் ஏறிய பிறகுதான் நாங்கள் ஏறுவோம். தலையைத் தொங்கப்போட்டு நிற்கிற பெடியளிடம் போய் ஒவ்வொரு வருடமும் ஒரே கதையைத்தான் சொல்வாய்.

“நாங்கள்தான் கடைசி. நீங்கள் எங்களுக்கு முன்னாலை வந்தனீங்கள்.”

சிலர் சிரிப்பார்கள். சிலர் உன்னைத் திட்டுவார்கள். ஒருவன் துடுப்பைத் தூக்கி உன் காலடியில் எறிந்ததும் நினைவிருக்கிறது. நீ அதை எடுத்து, தண்ணீரைத் துடைத்து, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாய்.

உன் செத்தவீட்டில் நான் வாசல் படலையடியில் நின்றேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அச்சுவேலியில் கடை வைத்திருக்கிறவன், கோப்பாயில் கலியாணம் முடித்துப் போனவன், கொழும்பு பஸ்ஸில் இரவிரவாக வந்தவன். எல்லோருடைய முகமும் தெரிந்த முகம், ஆனால் எங்கே கண்டேன் என்று பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது, அத்தனை பேரையும் நான் கடைசிப் படகில் கண்டிருக்கிறேன். வென்றவர்கள் மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். தோற்றவர்கள் நேரே வந்திருந்தார்கள்.

நீ போன விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு பின்னேரம், புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாய். அவ்வளவுதான். தங்கச்சி அழுது ஓய்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திச் சொன்னாள்.

“கடலிலை போகேல்லை, அண்ணை. வீட்டிலை, நான் போட்டுக் குடுத்ததைச் சாப்பிட்டிட்டுப் போனவர். எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்.”

அவளுடைய பயம் உனக்குத் தெரிந்ததுதான். நீ கடல் தொழிலுக்குப் போகிற நாளில் கூட அவ்வளவு இல்லை. போட்டி நாளில்தான் அவளுக்கு உயிர் போய் வரும். ஊரே மேளமும் வெடியுமாக நிற்க, அவள் மட்டும் கரையில் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நிற்பாள்.

இந்த வருடம் பங்குனியில் தலைவர் என்னைத் தேடி உன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே கிணற்றுக் கப்பி திருத்திக்கொண்டிருந்தேன். காவல் படகை நான்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்காரன், நீ போய் ஒரு வருடமாகி ஆட்டைத் திவசம் முடியவில்லை என்று சாட்டுச் சொன்னேன். அவர் ஐயரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். மச்சான்காரனுக்குத் துடக்கில்லை, போட்டியில் ஓடினால்தான் கொண்டாட்டம், காவலுக்குப் போவது கொண்டாட்டமில்லை என்று ஐயர் சொல்லிவிட்டாராம். ஐயரை நம்பி இருந்த எனக்கு அந்த வழியும் அடைபட்டுப் போயிற்று.

உண்மையான காரணம் பயம், மச்சான். நீ முன்னால் இருந்தவரை நான் வெறும் இயந்திரக்காரன். திருப்பு என்றால் திருப்புவேன், நிறுத்து என்றால் நிறுத்துவேன். ஒருவன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று யோசிப்பது உன் வேலை. நீ போன முதல் வருடமே என் கையில் ஓர் உயிர் போய்விட்டால், அவனைப் பெற்றவளின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. கப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் குசினிக்குள் இருந்து தங்கச்சி வந்தாள். “அண்ணை போவார்” என்றாள் தலைவரிடம். “முன்னுக்கு நான் இருக்கிறன்.”

தலைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். நீந்தத் தெரியுமோ என்று கேட்டார். கடற்கரையில் பிறந்தவளைக் கேட்கிற கேள்வியா? அவள் முறைத்த முறைப்பில் மனுசன் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிட்டார். ஆனால் பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவள் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கி நான் காணவில்லை. தலைவர் போன பிறகு, இது என்ன விசர் வேலை, ஊர் என்ன கதைக்கும் என்று அவளிடம் கேட்டேன்.

“கதைக்கிற ஆக்களை வந்து அணியத்திலை இருக்கச் சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் கரையிலை நிண்டு செத்தனான். இந்தமுறை உள்ளுக்கை இருந்து பாக்கிறன்.”

போட்டியன்று கடல் குளம் மாதிரிக் கிடந்தது. உன் பழைய முழுக்கைச் சேட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி அணியத்தில் இருந்தாள். நான் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இயந்திரத்தை ஓட்டினேன்.

கனடாவில் இருக்கிற ரமணனை உனக்கு நினைவிருக்கும். மேற்குப்பக்க அணியில் ஓடி, எங்களோடு கடைசியாக வந்து பழகியவன். லீவில் வந்திருந்தான். இப்போது நல்ல வயிறும் வைத்திருக்கிறான். அந்த அணிக்கு முழுக்கப் புது உடுப்பு அவனுடைய உபயம். ஆறாவது ஆளாகத் தானும் ஏறுவேன் என்றான். உபயகாரனை ஏறாதே என்று எங்களுடைய ஆட்கள் கோயிலிலும் சொல்ல மாட்டார்கள், கடலிலும் சொல்ல மாட்டார்கள். அதுமட்டுமில்லை, கழகம் கொடுத்த மிதப்பு அங்கியைப் போட்டால் புது உடுப்பு மறைந்துவிடுமாம். படம் பிடிக்கிறார்கள் அல்லவா? ஆறு பேரும் அதைக் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டுத்தான் ஓடியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் பிடித்துக் கட்டிவிட்டிருப்பாய்.

கொடி கட்டிய மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் நடந்தது. உனக்குத் தெரியும், அந்த இடத்தில் ஒரு பக்கத்தார் துடுப்பைத் தண்ணீரில் நிறுத்திப் பிடிக்க, மற்றப் பக்கத்தார் வலிக்க வேண்டும். ரமணன் நிறுத்த வேண்டிய பக்கத்தில் இருந்துகொண்டு வலித்தான். துடுப்பு கைநழுவியது. அதைப் பிடிக்க விளிம்பில் எட்டிச் சாய்ந்தான். அவன் பாரம் போன பக்கம் மற்றவர்களும் போனார்கள். படகு ஒரு சுற்றில் கவிழ்ந்து வெள்ளை அடிப்பாகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

“முதல் எண்ணு. பதறுறதைப் பிறகு பாப்பம்” என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நான் பதறினேன், மச்சான். இயந்திரத்தை நிறுத்தினேனே தவிர, ஒன்றும் எண்ணவில்லை. எண்ணியது தங்கச்சி.

“அஞ்சு” என்றாள். “அண்ணை, அஞ்சு தலைதான் நிக்குது.”

கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை நானும் பார்த்தேன். ஐந்துதான். ரமணனைக் காணவில்லை. கரையில் அவனுடைய தாய் குடை பிடித்துக்கொண்டு நின்றதைப் புறப்படும்போது கண்டிருந்தேன். அந்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது. குதிப்பதா, கத்துவதா, கரைக்குக் கை காட்டுவதா என்று ஒன்றும் விளங்கவில்லை. எப்போதோ தேத்தண்ணி குடிக்கும்போது நீ சொன்னது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது: படகு கவிழ்ந்தால் உள்ளே காற்று நிற்கும், ஆளைக் காணவில்லையென்றால் முதலில் தட்டிப் பார். எங்களுக்கு ஒருநாளும் தேவைப்படாத விசயம் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. துடுப்பால் தள்ளிக் கிட்டப் போய், அடிப்பாகத்தில் உள்ளங்கையால் தட்டினேன். சத்தமில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

உள்ளே இருந்து ஒரு தட்டுக் கேட்டது.

கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் “ஆர்?” என்று கேட்பாரே, அப்படி, சாதாரணமாக. அப்படியே இருந்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம். முகமெல்லாம் உப்புத் தண்ணீர், எவருக்குத் தெரியும்?

ஆனால் ஆள் வெளியே வரவில்லை. அணியில் ஒருவன் மூழ்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு சொன்னான்: “அண்ணை, ரமணண்ணை வரமாட்டாராம். கரை முழுக்க ஆக்கள் படம் பிடிக்கப் போனோடை நிக்கினமாம். வெக்கமாக் கிடக்காம்.”

என் வாயில் வந்ததை இந்த மடலில் எழுத முடியாது. தங்கச்சிதான் என்னை அடக்கினாள். விளிம்பைப் பிடித்திருந்த கையை விட்டு, கவிழ்ந்த படகின் மேல் சாய்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு வேலிக்கு மேலால் கதைப்பதுபோலக் கதைத்தாள்.

“தம்பி ரமணன், நீ உள்ளுக்கை இருந்தால் எனக்கு எண்ணிக்கை சரிவராது. வெளியிலை வா. கரைக்கு நாங்கள்தான் கடைசி. நீ எங்களுக்கு முன்னாலை போகலாம்.”

நீ இதை வீட்டிலும் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் விளிம்புக்குக் கீழால் ரமணனின் தலை வந்தது. “ஆறு” என்றாள் தங்கச்சி.

காவல் படகைத் தொட்டால் போட்டியில் இருந்து விலக வேண்டும் என்கிற விதியை அவர்களில் ஒருவரும் மறக்கவில்லை. படகைத் தாங்களே நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, மிதந்த துடுப்புகளைப் பொறுக்கி, மிதப்பு அங்கியையும் இந்தமுறை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வலித்தார்கள். கரையில் பரிசு கொடுத்து முடித்து, கதிரை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் மணலில் ஏறிய பிறகு நாங்கள் ஏறினோம். ரமணனின் தாய் ஓடிவந்து அவன் தலையைத் துவட்டி, துவட்டிய கையாலேயே முதுகில் ஒன்று போட்டார். அந்த அடியின் சத்தம் எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக்கு ஒழுங்கை வழியாக நடந்து வந்தோம். தங்கச்சி நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே வந்தாள்.

“உள்ளுக்கை இருந்தால் அவ்வளவு பயமில்லை, அண்ணை. கரையிலைதான் பயம்” என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டாள்: “உங்கடை மச்சான் ஏன் ஒவ்வொரு முறையும் அந்தத் திருப்பத்திலை எழும்பி நிண்டவர்? அதைக் கண்டுதான் நான் அரை உயிராப் போறனான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடுகிற படகில் எழும்பி நிற்காதே, இரு என்று நான் உன்னைப் பேசாத பேச்சில்லை. நீ கேட்டாயா? கரையில் நிற்கிறவள் உன் தலையைக் காணாவிட்டால் பயப்படுவாள் என்பாய். அதை அவளுக்குச் சொன்னேன். அவளுடைய பயத்தைப் போக்கத்தான் நீ எழும்பி நின்றாய் என்று சொன்னேன்.

அவள் ஒழுங்கையின் நடுவில் நின்றுவிட்டாள்.

“எழும்புறதைக் கண்டவுடனை நான் கண்ணைப் பொத்திடுவனெல்லோ” என்றாள். “நீங்கள் கரைக்கு வந்த பிறகுதான் திறக்கிறனான்.”

பிறகு சிரித்தாள். உன் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்துச் சிரித்து, மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதும் தீர்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அத்தனை வருடமும் வெயிலில் தள்ளாடித் தள்ளாடி நீ நின்றது அவ்வளவும் வீண், மச்சான். இதை உன்னிடம் சொல்லி, உன் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் இப்போது எனக்குக் குறை. மற்றப்படி நெஞ்சு லேசாக இருக்கிறது. என்னால் முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனிப் பயமென்றாலும் போவேன். உன் பெண்சாதி அடுத்த சித்திரைக்கும் அணியம் தனக்குத்தான் என்று தலைவருக்கு இப்போதே சொல்லி அனுப்பிவிட்டாள். நான் மறுக்கவில்லை. எழும்பி மட்டும் நிற்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.