'போயிட்டு வரேன்' வழக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மார்ச் 11, காலை 8.10. மோதிய கார்கள் இரண்டு, காயம் பூஜ்யம். ஆகவே பதறாமல் மேலே படி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு பல் டாக்டர் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, சும்மா நின்றிருந்த என் கம்பெனி காரின் கதவை நசுக்கிவிட்டார். தவறு முழுக்க அவருடையது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, நீ பழக்கியபடி "போயிட்டு வரேன்" என்பதை அவர் மொழியில் அப்படியே சொல்லித் தொலைத்தேன். மனிதர் இரண்டு மணி நேரம் அங்கேயே காத்திருந்திருக்கிறார். குற்றம் என்மேல் இருந்ததால்தான் வராமல் ஓடிவிட்டேன் என்று இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்சூரன்ஸ் அதிகாரி போனில் கேட்டார்.

"திரும்பி வரேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். எங்க வீட்ல அப்படித்தான் சொல்வோம்."

"சொல்லிட்டு வருவீங்களா?"

"வர மாட்டோம்."

"வீட்ல எல்லாருமேவா?"

இதற்கு ஆதாரம் வேண்டுமாம். தவறு என் பக்கம் என்று முடிவானால் ஓராண்டுக்கு எனக்குக் கம்பெனி கார் கிடையாது. எனவே நம் வீட்டு விருந்தாளி யாராவது கிளம்பும்போது சொல்வதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. நீ "சரி, பார்த்துப் போயிட்டு வா" என்பதும் அதில் கேட்கட்டும். வழக்குக்கு அது தேவையில்லை, இருக்கட்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். இனி நான் செய்யப்போவது:

1. பதிவை மொழிபெயர்த்து அதிகாரிக்கு அனுப்புவேன்.
2. பல் டாக்டரிடம் இனிமேல் "போறேன்" என்று மட்டும் சொல்வேன்.
3. ஏர்போர்ட்டில் உன்னிடமும் "போயிட்டு வரேன்" என்றேன். அதற்கு லீவு எழுதிக் கொடுப்பேன்.