தண்ணீர் குடிக்கும் துணி

பெரியம்மா,

இன்று கம்பெனியில் மேனேஜரிடம் கேட்டு ஒரு மூட்டை வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணி வாங்கி வந்தேன். பிரித்ததும் புதுப் பனியன் துணி வாசம் குப்பென்று அடித்தது. அடுத்த நிமிடம் என் விரல் தானாகச் சொம்புக்குள் போய், ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துத் துணிமேல் விட்டது. சொட்டு உள்ளே இறங்கவில்லை. உருண்டு ஓடித் தரையில் விழுந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. என்னைத் திட்டுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோட்டத்து மூலையில் வரிசையாக வாடகைக்குக் கட்டிய லைன் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், என் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். எனக்கு நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியில், தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. லீவு கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால், வீட்டுக்காரம்மா நீங்கள் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கூச்சம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

"ஏனுங்க, மாட்டைக் கழுவுறாப்லயே கழுவுறீங்க?"

"மாடு உன்னையாட்ட வாயடிக்காது. அந்தத் துணிய எடு."

அன்றைக்கு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம்.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, உங்களுக்கு அது தினப்படி வேலை என்று. விடியலில் பால் கறந்து, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டு, வீட்டுக்கு ஆக்கி வைத்துவிட்டு, துணிப்பையோடு பஸ் ஏறிவிடுவீர்கள். சுத்துப்பட்டில் யார் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, கீழே பனியன் துணி விரித்துவிட்டு வருவீர்கள். சங்கம் கிடையாது, போர்டு கிடையாது. ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ற மாமியா ஒன்றரை வருசம் படுத்துக் கெடந்தாங்க. அப்பப் பருத்தி எடுக்கற காலம். காடு காடுன்னு ஓடிட்டு, அவங்க முதுகப் பாக்காம உட்டுட்டேன் கண்ணு. படுக்கைப் புண்ணோடதான் போனாங்க."

சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினீர்கள். நான் வாயடிக்காமல் மறுமுனையைப் பிடித்து விரித்தேன். அதிசயம்தான்.

மற்ற நாளெல்லாம் என் வாய் திறந்தேதான் இருந்தது. நீங்கள் ஒவ்வொரு முதுகையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். "எங்க கம்பெனிக்குச் சரக்கு வாங்க வர்ற பையர்கூட இப்படிப் பாக்க மாட்டாருங்க. பாஸா, ரிஜெக்டா சொல்லுங்க" என்பேன். "உன்ற வாய்க்கு ஒரு ஓவர்லாக் தையல் அடிச்சு மூடோணும்" என்பீர்கள். என் மாமியார் கோணிய வாயோடு சிரிப்பார். அவர் கடைசிவரை புண் இல்லாமலே இருந்து போனார்.

பிறகு நீங்களே மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தீர்கள். இந்த வயதில் ஆபரேஷன் தாங்காது என்றுவிட்டார் டாக்டர். உங்கள் மகன் காற்று மெத்தை வாங்கிப் போட்டார், நர்ஸ் வைத்தார். நீங்கள் என் கையைத்தான் பிடித்தீர்கள்.

"பொழைக்க வெய்யின்னு கேக்கல கண்ணு. புண்ணு வராம அனுப்பி வெச்சுரு."

எனக்கு அது போதும். கம்பெனியில் கேட்டு, இருப்பதிலேயே மெத்தென்ற புதுத் துணி, வெள்ளை வெளேரென்று பூப்போல, கொண்டுவந்து விரித்தேன். பெருமையாகவும் இருந்தது. மறுநாள் திருப்பினால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. வேர்வையெல்லாம் துணிமேலேயே நின்றிருந்தது. நீங்கள் சொம்பைக் கேட்டீர்கள். விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டீர்கள். உருண்டது.

"மெத்துன்னு இருக்கோணும்னு சாயப்பட்டறையில மருந்து போட்டிருக்குது. இது தண்ணி குடிக்காது. மூணு அலசு அலசோணும். இத்தன வருசம் துணியிலயே கெடக்கறயே, தெரியாதா? நான் பருத்தி எடுத்தவ. என்ற தோலுக்கே தெரியுது."

எல்லா நாட்டுக்கும் புதுப் பனியன் அனுப்புகிற ஊரில், உங்களுக்கு வேண்டியிருந்தது பழைய பனியன். அலசிக் காயும்வரை பொறுக்க முடியாது. லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். அங்கே குடியிருந்த பீகார்க்காரர்கள் கொடியிலிருந்ததை அப்படியே உருவித் தந்தார்கள். "பெரியம்மாவுக்கா? எடு, எல்லாம் எடு" என்று ஒருவர் போட்டிருந்ததையே கழற்றப் போனார். "அய்யோ வேண்டாமுங்க, கண்ணு கூசுது" என்று ஓடிவந்தேன். நைந்து நைந்து நூலாகிப்போன பனியன்கள். சொட்டு விட்டால் விட்ட இடம் தெரியவில்லை. நான்கு நாளில் சிவப்பு அடங்கியது. அதன் பிறகு மூன்று மாதம், வேலைக்குப் போகும் முன் ஒருதரம், வந்ததும் ஒருதரம், நானும் உங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று சொந்தக்காரப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் ஓரமாகத்தான் நின்றேன். உங்கள் மருமகள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "முதுகுக்கு நீங்க ஊத்துங்க" என்றார். ஒருக்களித்துப் பிடித்தார்கள். வெயில் நன்றாக விழுந்தது. தோள் முதல் இடுப்பு வரை ஒரு கீறல் இல்லை. நான் குனிந்து உங்கள் காதோரம், "பாஸுங்க பெரியம்மா" என்றேன். நீங்கள் திருப்பித் திட்டாத ஒரே தரம் அதுதான்.

இன்றைக்கு வாங்கி வந்த துணியை வாளியில் ஊறப்போட்டுவிட்டேன். ஒரு அலசல் முடிந்தது. இன்னும் இரண்டு இருக்கிறது. சாமளாபுரத்தில் தறிக்காரர் ஒருவரின் சம்சாரம் படுத்துக் கிடக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். உங்கள் துணிப்பை என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் மகன் கேட்டாலும் தரமாட்டேன்.