கோப்பையில் தெரிந்த ஆள்

ப்ரேஸ்னா, செர்பியா
அக்டோபர் கடைசி வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் நெவேனா வணக்கத்துடன் எழுதுகிறேன். லின்ஸில் குளிர் தொடங்கிவிட்டதா? சாரத்தில் ஏறும்போது கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் ஆஸ்திரியா பஸ் ஓட்டுநரிடம் இந்தப் பையைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே நம் படுக்கையறை அலமாரிமேல் மணத்துக்காக வைத்திருக்கும் துன்யா பழங்களில் ஒன்றும், தோட்டத்துப் பச்சைத் தக்காளி ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் பிரிக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ராதொய்க்கா அத்தை உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவர் போனில் பேசும்போது நான் பக்கத்து அறையில் சுட்ட குடைமிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு நீங்கள் சொன்னதும் தெரியும்: இந்த வருடம் நம் வீட்டுப் புனிதரின் திருநாளுக்கு நீங்கள் வரப்போவதில்லையாம், குடும்பத் தலைவர் வெட்டும் திருநாள் ரொட்டியை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாமாம். நீங்கள் இருக்கும்போது வேறு யார் அதை வெட்டியிருக்கிறார்கள், அப்பா?

அத்தை சொன்னவற்றில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா இளைத்துவிட்டாள். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் பாவாடை இடுப்பில் நிற்பதில்லை. கண்கள் பளபளக்கின்றன. கழுத்தில் புதிதாக ஒரு பட்டுத் துணி கட்டுகிறாள். வியாழக்கிழமைகளில் நம் ஊர் மிலோயேவின் காரில் நகரத்துக்குப் போகிறாள், ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். இந்தக் குளிரில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துபோட்டு நிற்கிறாள். அத்தை அதைப் பார்த்து மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார். "ஊசிக் காத்து பட்டா செத்துடுவோம்னு ஊரே கதவ மூடிக்கிட்டுக் கெடக்கு. இவ மட்டும் காத்து வாங்குறா. ஒண்ணு பைத்தியம், இல்ல காதல்" என்றார்.

பிறகு காபி குடித்தார்கள். அம்மா வழக்கம்போல் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தாள். அத்தை அதைத் திருப்பி, குறி சொல்ல மண்டியைப் பார்த்தார். "அடியே ஸோரிட்சா, ஒரு பக்கமா நீளமா ரோடு இறங்குது பாரு. ரோடு முடியிற எடத்துல தொப்பி போட்ட ஆளு நிக்கிறான். என் தம்பி தொப்பியே போடமாட்டானே!" என்றார். ஊரில் கோடையிலும் தொப்பி கழற்றாதவர் மிலோயே ஒருவர்தான். அம்மா எழுந்து ஜன்னலருகே போய்விட்டாள். அன்றிலிருந்து நானும் அவளை வேவு பார்த்தேன். அவள் கைப்பையை முகர்ந்துகூடப் பார்த்தேன். மருந்து வாசனைதான் வந்தது. வாசனைத் தைலம் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் இப்போது ஹார்மோன் பாடம் நடக்கிறது. வகுப்பு ஜன்னலில் இருக்கும் செடி வெளிச்சத்தைப் பார்த்து வளைந்திருக்கிறது. ரூழிட்சா டீச்சர் அதைக் காட்டி, "சூரியன் மேல காதல்னு கவிஞர்கள் சொல்லட்டும், பரீட்சைல நீங்க எழுதாதீங்க. நிழல் பக்கம் ஹார்மோன் கூடுச்சு, அந்தப் பக்கம் வேகமா நீண்டுச்சு, செடி இந்தப் பக்கம் சாஞ்சுச்சு. அவ்வளவுதான் காதல்" என்றார். வகுப்பே சிரித்தது. அடுத்து மனிதக் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு வந்தார். அது அளவுக்கு மீறிச் சுரந்தால் தின்பதெல்லாம் எரிந்து உடம்பு இளைக்குமாம், குளிரிலும் வியர்க்குமாம், நெஞ்சு படபடக்குமாம், கண் பிதுங்கிப் பளபளக்குமாம், கோபம் வருமாம், விரல் நடுங்குமாம். அத்தையின் குற்றச்சாட்டுகளையே அவர் வரிசையாகப் படிப்பதுபோல் இருந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வீட்டுப்பாடம் என்று சொல்லி அம்மாவைக் கையை நீட்டச் சொன்னேன். விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். காற்றே இல்லை, ஜன்னல்களை நானே மூடியிருந்தேன். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்பா, அந்தக் கைதான் கோப்பையைக் கவிழ்த்தது. ரோடும் இல்லை, ஆளும் இல்லை. கை நடுங்கி மண்டி ஒரு பக்கமாக வழிந்திருக்கிறது.

அம்மா தாளையும் என்னையும் பார்த்தாள். "எத்தன நாளாடி என்னை வேவு பாக்குற?" என்று கேட்டுவிட்டுக் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். வீக்கம் ஒரு வாதுமைக் கொட்டை அளவு இருந்தது. மிலோயேவின் மனைவிக்கும் இதே நோய் இருந்ததாம், அவருக்குப் பார்த்த நகரத்து டாக்டரிடம்தான் மிலோயே அம்மாவைக் கூட்டிப்போகிறார். மாத்திரை கேட்கவில்லை என்றால் அறுவை செய்ய வேண்டுமாம். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இப்பச் சொன்னா, மாட்டிக்கிட்டதும் நோவு கதை கட்டுறான்னு நெனைப்பாருடி. அவராக் கேக்கட்டும்" என்றாள்.

அத்தையிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அந்தத் தொப்பி?" என்றார். முழுதாக நம்பவில்லை. மறுநாள் சூப் கொண்டுவந்தார், வந்ததும் ஜன்னலையும் மூடினார்.

இன்னொன்று. போன ஞாயிறு உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். யார் என்று அம்மா கேட்டாள். தவறான எண் என்றேன். அதைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் ஒரு கறையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

இப்போது பையைப் பற்றிச் சொல்கிறேன். பழுக்கும் துன்யாவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வருகிறது. அதுவும் ஹார்மோன்தான். பக்கத்தில் இருக்கும் பச்சைத் தக்காளியை அது பழுக்க வைக்கும். பையை இறுக்கக் கட்டிக் கட்டிலருகே வையுங்கள். தக்காளி சிவக்கும்போது திருநாள் நெருங்கியிருக்கும். அன்றே பஸ் ஏறுங்கள்.

வந்ததும் அம்மா உங்களுக்குக் காபி கொண்டுவருவாள். தட்டில் கோப்பை கிடுகிடுக்கும். அவள் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் புனிதர் உங்களைச் சாரத்திலும் வழியிலும் காக்கட்டும்.

ரொட்டிக் கத்தியைத் துடைத்து வைத்திருக்கும்,
உங்கள் மகள்
நெவேனா