பெயர் வெட்டிய டம்ளர்கள்

இன்று காலை நம் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த பெரியவரின் மகன், அப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கும்போதே கை கூசியது. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது.

திருச்செங்கோட்டுப் பாத்திரக் கடையில் நீயும் நானும் கால் கடுக்க நின்று, நம் முதியோர் இல்லத்துப் பன்னிரண்டு பேருக்கும் பெயர் வெட்டி வாங்கினோமே, நினைவிருக்கிறதா? ஆளுக்கொரு டம்ளர். ஒருவருக்கு மாத்திரை கொடுத்ததும் கை கழுவிவிட்டுத்தான் அடுத்தவர். நர்சுகள் நாம் இருவரும் பேசி வைத்துக்கொண்ட சட்டம் அது.

"ஏம்புள்ள, அண்ணாந்து குடிக்கறவங்களுக்கு எதுக்குத் தனித்தனி டம்ளரு? எச்சியா படுது?" என்று சிரித்தாய். கை நடுங்குகிறவர்கள் எப்படி அண்ணாந்து குடிப்பார்கள் என்று கேட்டேன். "செரி தாயி, உன்ற சட்டப்படியே ஆவட்டும்" என்றாய். நர்சிங் படிக்கும்போதிருந்து ஒன்றாகத் திரிந்தவள் சொன்னால் நம்பாமல் இருப்பேனா? பகலில் நான், சாயங்காலம் நீ.

பிறகு வயிற்றுப்போக்கு ஒருவர் விடாமல் பரவி, லாரி ஓட்டி ஓய்ந்த அந்தத் தாத்தா இறந்துபோனார். அவர் மகள் அழுதுகொண்டே கேட்டாள்: "எல்லாத்துக்கும் ஒரே டம்ளர்லயா குடுத்தீங்க?" நீ தலையைக் குனிந்து நின்றாய். துக்கம் என்று நினைத்தேன், மடச்சி. "சத்தியமா இல்லீங்க. இவ என்னைய விடச் சுத்தம்" என்று அவள் கையில் அடித்துச் சொன்னது நான்தான்.

நீ மாரடைப்பில் போய்ப் பத்து நாள் கழித்து, பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த பெரியம்மா உன்னை மெச்சிக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள வெகு சுறுசுறுப்பு சாமி. ஒரே டம்ளர்ல மோந்து மோந்து, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாத்துக்கும் மாத்தர குடுத்துப்போடும். நானெல்லாம் வாய வெச்சுத்தான் குடிப்பேன்."

"எப்பவாவதுங்களா?"

"தெனமுந்தான் சாமி."

அடிப்பாவி! முடியவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. உன் வேலையையும் சேர்த்து நானே செய்திருப்பேன். நான் சத்தியம் செய்தபோதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? இப்போது சண்டை போடக்கூட ஆளில்லாமல் நிற்கிறேன்.

போன வாரம் அந்தத் தாத்தாவின் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "செத்தவங்க மேல பழியப் போட்டுட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்களாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவளுக்கு இப்போது நான்தான் பொய்க்காரி. இல்லையென்று சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும்.