கத்திக்கு முன் மாத்திரை

மார்ச் 3

இன்று அறுவை மருத்துவர் என்னை வெட்ட மறுத்துவிட்டார்.

கெண்டைக்கால் மச்சத்தில் தொடங்கிய புற்று, தொடை இடுக்கில் நெறிகட்டி எலுமிச்சை அளவுக்கு நிற்கிறது. மெலனோமா என்று பெயர். “கட்டி பெரிய ரத்தக் குழாயோட ஒட்டிக்கிட்டிருக்கு. இப்ப கை வெச்சா காலே போகலாம். முதல்ல மூணு மாசம் மாத்திரை. சுருங்கினா வெட்டுறேன்.”

“சுருங்கலைன்னா?”

“அப்ப பேசிக்கலாம்.”

நான் கயிறும் தார்ப்பாயும் விற்று வளர்ந்தவன். ‘அப்ப பேசிக்கலாம்’ என்கிறவனிடம் சரக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 5

மாத்திரை கொடுக்கும் டாக்டரம்மாவைப் பார்த்தோம். கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு இருந்தால்தான் இந்த மருந்து வேலை செய்யுமாம். “உங்களுக்கு அது இருக்கு. நல்லதாப் போச்சு” என்றார். கோளாறு இருக்கிறதென்று இதுவரை யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

இரண்டு வகை மாத்திரை. ஒன்று காலை, மாலை வெறும் வயிற்றில். மற்றது தினம் ஒன்று, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். “காய்ச்சல் வந்தா உடனே போன் பண்ணுங்க” என்று அழுத்திச் சொன்னார். தலையாட்டினேன்.

மார்ச் 6

தொடங்கியாச்சு. பசியோடு கடை திறந்ததில் முதலில் வந்தவர் மாட்டிக்கொண்டார். ஒரு முழம் கயிறுகூட விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 9

குளிர்பெட்டியில் மேல்தட்டு முழுக்க என் மருந்துக்கு. “வாடகை யார் குடுக்கறது? என் முட்டையெல்லாம் வெளியில நிக்குது” என்கிறாள் மனைவி. சிரித்தாள். நான் திரும்பியதும் கண்ணைத் துடைத்தாள். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

மார்ச் 18

கயிற்றின் தடிமன் பார்க்கும் இடுக்கியை வீட்டுக்கு எடுத்துவந்து குளியலறையில் கட்டியை அளந்தேன். குறைந்திருக்கிறது. அளந்தது நான் என்பதால் நம்பாமல் மறுபடி அளந்தேன். குறைந்துதான் இருக்கிறது.

மாத்திரையை விடமாட்டேன்.

மார்ச் 24

சாயங்காலம் காய்ச்சல். குளிர் உதறியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் கட்டி வளரும், வெட்டுவது தள்ளிப்போகும். நம் அவசரத்தை எதிராளிக்குக் காட்டினால் பேரம் கெட்டது.

மார்ச் 26

ஆஸ்பத்திரி. போகும் வழியில் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டேன். “காய்ச்சல் ஏதும் உண்டா?” என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன், பழைய சரக்கைப் புதுசு என்கிற முகத்தோடு.

மார்ச் 29

பிடிபட்டேன். கிடங்கில் நடுக்கம் தாங்காமல் ஒரு புதுத் தார்ப்பாயைப் பிரித்து உள்ளே சுருண்டிருந்தேன். கடையில் கூட நிற்கும் மைத்துனன் வந்து தூக்கிப் பார்த்தான். “மாமா, சரக்கை நீங்களே போத்திக்கிட்டா வியாபாரம் எப்படி நடக்கும்?” என்றவன், நெற்றியைத் தொட்டதும் அக்காவைக் கூப்பிட்டான்.

வந்தாள். கத்தவில்லை. “ஏங்க, யாரை ஏமாத்துறீங்க? கட்டியும் உங்களுது, காய்ச்சலும் உங்களுது. டாக்டருக்கு இதுல என்ன நஷ்டம்?”

போனை அவளே எடுத்தாள்.

மார்ச் 30

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். “நான் உங்க எதிர்க்கடைக்காரி இல்லை. இந்த மருந்துக்குக் காய்ச்சல் வரும்னு தெரிஞ்சுதான் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நாள் நிறுத்துவோம், காய்ச்சல் விட்டதும் திரும்பக் குடுப்போம். மறைச்சீங்கன்னா ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் கெடும். அப்புறம் எந்த டாக்டர் உங்களை மேஜையில படுக்க வைப்பார்?”

அறுவை நாளைக் காப்பாற்றுகிறேன் என்று நானே அதைத் தொலைக்கப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 1

மாத்திரை இல்லை. கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். வளருதா? கை வெச்சா பெருசாத்தான் தெரியுது. கை சொல்லுதா, பயம் சொல்லுதா — காலை எடுத்துட்டா கடையில எப்படி நிப்பேன்? எடுத்தும் புற்று நிக்கலைன்னா?

போதும். கடைக்குப் போகிறேன்.

ஏப்ரல் 3

காய்ச்சல் விட்டது. மாத்திரை மறுபடியும்.

மே 8

இதற்குள் இன்னும் இரண்டு முறை காய்ச்சல். இரண்டு முறையும் நானே போன் செய்தேன்.

ஜூன் 2

ஸ்கேன் எடுத்தார்கள். கடையில் இன்று கணக்கெல்லாம் தப்பு. மைத்துனன்தான் திருத்திக்கொண்டிருந்தான்.

ஜூன் 4

அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்க, குழாயை விட்டு விலகிடுச்சு. வெட்டலாம்.”

மூச்சு வந்தது. கூடவே வியாபாரப் புத்தியும் வந்தது. “இவ்வளவு சுருங்கியாச்சே, மிச்சத்தை மட்டும் கிள்ளி எடுத்துட்டு விட்டுடலாமே?”

“அங்க இருக்கற நெறி எல்லாத்தையும் எடுக்கணும். கண்ணுக்குத் தெரியாம உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கால் தங்கும். ஆனா வீக்கம் வரலாம், வந்தா போகாது. இறுக்கமான காலுறை போட்டுக்கணும்.”

“கோடையில மட்டும் விட்டுட்டு —”

“போட்டுக்குவார் டாக்டர்” என்றாள் வீட்டுக்காரி. என் சார்பில் யாரும் இவ்வளவு சீக்கிரம் பேரத்தை முடித்ததில்லை.

முடிவானது இது. அடுத்த வியாழக்கிழமை காலை அறுவை. இடுக்கில் இருக்கும் நெறி முழுவதும் அவருக்கு, கால் எனக்கு. புண் ஆறியதும் இதே மாத்திரை இன்னும் ஒன்பது மாதம். காலுறை ஆயுசுக்கும், கோடையிலும். மூட்டை தூக்கக் கூடாது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.